உங்கள் தளத்தின் சேர்வர் யாரை நினைவில் வைத்திருக்கிறது? மொடியூல்கள் பற்றிய ஒரு வழிகாட்டி

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்கள் நடந்த அன்றே இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், யூடியூப், வைபர் உள்ளிட்ட சேவைகள் முடக்கப்பட்டன. ஏப்ரல் 30ஆம் திகதிதான் அந்தத் தடை நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதம், திகன வன்முறைகளை அடுத்தும் இதேபோன்றதொரு தடை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. தாக்குதலை வழிநடத்திய சஹ்ரான் ஹாசிம் காத்தான்குடியைச் சேர்ந்தவர் என்பதால், முழு நாட்டின் பார்வையும் அந்த ஊர்மீது திரும்பியிருந்த நாட்கள் அவை. அந்த மக்கள் தம் தரப்பைச் சொல்வதற்கு வழமையாகப் பயன்படுத்திய வழிகள் அந்நாட்களில் அடைபட்டுக் கிடந்தன. விபிஎன் தெரிந்தவர்கள் சுற்றுவழியில் போனார்கள். மற்றவர்களுக்கு எஞ்சியவை தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை, பிறகு சொந்தமாக இயங்கும் இணையத்தளங்கள்.

ஊர்ப் பெயரிலேயே செய்தித் தளம் நடத்துவது கிழக்கில் புதிதல்ல. இரண்டு மூன்று இளைஞர்கள், மாதாந்தம் சிறு தொகைக்கு வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வர், அதில் ஒரு வேர்ட்பிரஸ் தளம். பெரும்பாலானவற்றின் கதை இவ்வளவுதான். ஆனால், அவற்றில் சேர்வது சிறிய விடயமல்ல. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் திகதி, மட்டக்களப்பு நகரின் மறுபுறத்தில், சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இந்தப் பெயர்ப் பட்டியல்கள், படங்கள், வாக்குமூலங்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்கள் ஆகியவற்றைத் தேடி வருபவர்கள் சாதாரண வாசகர்கள் அல்லர். அவர்களில் பலர் அந்தப் பெயர்களின் உறவினர்கள்.

அவ்வாறான ஒரு தளத்தை இயக்கும் சேர்வர், வந்தவர் யார், எப்போது வந்தார், யாருடைய பெயரைத் தேடினார் என்று எழுதி வைத்துக்கொள்கிறதா? பதிவேற்றிய ஆவணங்களை யார் கேட்டாலும் காட்டுகிறதா? தமிழில் எழுதிய பின்னூட்டத்தைத் தாக்குதல் என்று நினைத்துத் தடுக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அந்தச் சேர்வரில் எந்த மொடியூல்கள் இயங்குகின்றன, அவை எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது. அந்த விடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சிட வேண்டும். அவற்றின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறோம்.

மொடியூல் என்றால் என்ன?

வலைச் சேர்வர் என்பது அடிப்படையில் மிக எளிய வேலையைச் செய்யும் மென்பொருள். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். சேர்வர் அதை எடுத்துக் கொடுக்கும். மறைகுறியாக்கம், முகவரியை மாற்றி எழுதுதல், பக்கத்தைச் சுருக்கி அனுப்புதல், கடவுச்சொல் கேட்டல், பதிவேடு எழுதுதல் முதலான மற்ற வேலைகளை அதனுடன் இணைக்கப்படும் துணைப் பகுதிகள் செய்கின்றன. அவைதான் மொடியூல்கள்.

இந்த அமைப்பு முறை அப்பாச்சி சேர்வரின் தொடக்க காலத்திலேயே உருவானது. 1995இல், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து என்சிஎஸ்ஏ நிலையத்தின் சேர்வர் மென்பொருளை எடுத்து, அதில் திருத்தங்களைச் சேர்த்துப் பகிர்ந்துகொண்டவர்கள்தான் அப்பாச்சி குழுவினர். அதே ஆண்டின் நடுப்பகுதியில் ரொபர்ட் தாவ் என்பவர், பகுதி பகுதியாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய புதிய கட்டமைப்பு ஒன்றை எழுதினார். டிசம்பர் 1ஆம் திகதி வெளியான அப்பாச்சி 1.0 அந்தக் கட்டமைப்பின்மீதே நின்றது. ரஷ்யரான இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸும் மொடியூல்களால் ஆனதே. ஆனால், நீண்ட காலமாக அதில் ஒரு மொடியூலைச் சேர்க்க வேண்டுமானால் முழுச் சேர்வரையுமே மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. 2016 பெப்ரவரியில் வெளியான 1.9.11 பதிப்பிலிருந்துதான் மொடியூலைத் தனிக் கோப்பாக ஏற்ற முடிகிறது.

ஆகவே, மொடியூல்கள் இரண்டு வகை. சேர்வருடனேயே சேர்த்துத் தொகுக்கப்பட்டவை ஒரு வகை. அவற்றைக் கழற்ற முடியாது, அமைப்புகளை மட்டுமே மாற்றலாம். தனிக் கோப்பாக இருந்து, வேண்டும்போது ஏற்றப்படுபவை மற்ற வகை.

இயக்குவதும் நிறுத்துவதும்

உபுண்டு அல்லது டெபியன் இயங்கும் சேர்வரில் முதலில் செய்யவேண்டியது, இப்போது எவை இயங்குகின்றன என்று பார்ப்பது. அப்பாச்சி2சிரிஎல் என்ற கட்டளையுடன் ஒரு சிறு கோடும் பெரிய எம் எழுத்தும் கொடுத்தால், ஏற்றப்பட்ட எல்லா மொடியூல்களின் பட்டியலும் வரும். கழற்ற முடியாதவற்றுக்கு அருகில் ‘ஸ்டற்றிக்’ என்றும், கழற்றக்கூடியவற்றுக்கு அருகில் ‘ஷெயார்ட்’ என்றும் இருக்கும்.

அந்தப் பட்டியலைத் திகதியிட்டு ஒரு கோப்பில் சேமித்து, வேறு கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 2012–2013 காலப்பகுதியில் பரவிய ‘டார்க்லீச்’ என்ற தீநிரல், அப்பாச்சி மொடியூல் வடிவத்தில்தான் சேர்வர்களுக்குள் புகுந்தது. தளத்தின் கோப்புகள் எதையும் மாற்றாமலேயே, வாசகருக்குப் போகும் பக்கங்களில் தீங்கான இணைப்பைச் செருகியது. நடத்துபவர்கள் தமது கோப்புகளை எத்தனை தடவை ஆராய்ந்தாலும் அங்கு எதுவும் கிடைக்காது. எந்தெந்த மொடியூல்கள் இருக்கவேண்டும் என்று அறிந்தவருக்கே, இருக்கக்கூடாத ஒன்று கண்ணில் படும்.

ஒரு மொடியூலை இயக்க ஏ2என்மொட் கட்டளை, நிறுத்த ஏ2டிஸ்மொட் கட்டளை. இவற்றில் மாயம் எதுவும் இல்லை. அப்பாச்சியின் அமைப்புக் கோப்புறைக்குள் ‘மொட்ஸ்-அவைலபிள்’, ‘மொட்ஸ்-எனேபிள்ட்’ என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். முதலாவதில் கைவசம் உள்ள மொடியூல்களுக்கான சிறு கோப்புகள் இருக்கின்றன. ஏ2என்மொட் அவற்றைச் சுட்டும் ஓர் இணைப்பை இரண்டாவதில் உருவாக்குகிறது. ஏ2டிஸ்மொட் அந்த இணைப்பை அழிக்கிறது. பிறகு சேர்வரை மீள இயக்கவேண்டும்.

மீள இயக்குவதற்கு முன்னர், அப்பாச்சி2சிரிஎல் கட்டளையுடன் ‘கொன்ஃபிக்டெஸ்ட்’ என்று கொடுத்து அமைப்பைச் சோதியுங்கள். ‘சின்டெக்ஸ் ஓகே’ என்று வந்தால் மட்டுமே அடுத்த படி. நினைவு தினத்தன்று காலையில் ஒரு தவறான வரியால் சேர்வர் எழும்பாமல் போவதைத் தடுப்பது இந்த ஒரு நொடிச் சோதனைதான்.

கேட்காமலேயே இயங்குபவை

சேர்வரை நிறுவும்போதே சில மொடியூல்கள் இயங்கத் தொடங்கிவிடும். அவற்றில் மூன்று, எமது வாசகர்கள் நடத்தும் தளங்களுக்கு முக்கியமானவை.

முதலாவது, ஓட்டோஇன்டெக்ஸ். ஒரு கோப்புறையில் முகப்புப் பக்கம் இல்லாவிட்டால், அதிலுள்ள கோப்புகள் அனைத்தையும் இது பட்டியலிட்டுக் காட்டும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாய் கொடுத்த கடிதம், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு ஆகியவற்றை ஸ்கான் செய்து சேர்வரில் போட்டு, கட்டுரையில் ஒரு படத்தை மட்டும் பயன்படுத்தியிருப்பீர்கள். கோப்புறையின் முகவரியை உலாவியில் தட்டுபவருக்கு மற்ற எல்லாமும் கிடைக்கும். தேடுபொறிகளும் அவற்றை அட்டவணைப்படுத்தும். உபுண்டு இந்த மொடியூலை அத்தியாவசியமானது என்று வகைப்படுத்தியிருப்பதால், ஏ2டிஸ்மொட் மூலம் நிறுத்த முயன்றால் எச்சரித்து, ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சிட்டு உறுதிப்படுத்தக் கேட்கும். எளிய வழி, தளத்தின் அமைப்பில் ‘ஒப்ஷன்ஸ்’ என்ற வரியில் ‘இன்டெக்சஸ்’ என்ற சொல்லுக்கு முன் ஒரு கழித்தல் குறி இடுவது. ஆனால் பட்டியலை மறைப்பது கோப்பைப் பாதுகாப்பதாகாது. கோப்பின் பெயரை ஊகிப்பவர் இன்னமும் எடுக்கலாம். வெளியிடாத ஆவணம் வலைச் சேர்வரில் இருக்கவே கூடாது.

இரண்டாவது, ஸ்டேட்டஸ். சேர்வர் இந்த நொடியில் யாருக்கு எந்தப் பக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும் பக்கம் இது. சேர்வர் இருக்கும் அதே கணினியிலிருந்து கேட்டால் மட்டுமே காட்டும்படிதான் இயல்பாக அமைந்திருக்கும். ஆனால், அப்பாச்சிக்கு முன்னால் அதே கணினியில் வேறொரு இடைச் சேர்வரை நிறுத்தினால், வெளியிலிருந்து வரும் எல்லாக் கோரிக்கைகளும் உள்ளிருந்து வருவனவாகவே அப்பாச்சிக்குத் தோன்றும். தோர் வலையமைப்பில் தம்மை மறைத்துக்கொண்டு இயங்கிய தளங்களே இந்தக் காரணத்தால் தம் வருகையாளர்களின் கோரிக்கைகளை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தமை 2016இல் வெளியே வந்தது. பயன்படுத்துவதில்லை என்றால் ஏ2டிஸ்மொட் மூலம் நிறுத்திவிடுங்கள். தளத்தின் முகவரிக்குப் பின்னால் ‘சேர்வர்-ஸ்டேட்டஸ்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து, வீட்டிலிருந்து ஒருமுறை திறந்து பாருங்கள். எதுவும் தெரியக்கூடாது.

மூன்றாவது, பதிவேடு எழுதும் லொக்-கொன்ஃபிக். உபுண்டுவில் இது சேர்வருடனேயே தொகுக்கப்பட்டது, கழற்ற முடியாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதும்: வாசகரின் ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த வகைச் சாதனம். இதில் கவனிக்கவேண்டியது ‘கேட்ட பக்கம்’ என்ற பகுதி. வேர்ட்பிரஸ் தளத்தின் தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் முகவரியின் வாலில் சேர்ந்து பதிவேட்டில் விழுகிறது. தமிழ்ப் பெயர் அங்கே சதவீதக் குறிகளும் எண்களுமாகத் தெரிந்தாலும், அதைத் திரும்பப் பெயராக்க ஒரு நொடி போதும். அதாவது, இந்த ஐபி முகவரியிலிருந்து, இந்த இரவு, இந்த நேரத்தில், காணாமல்போன இன்னாரின் பெயரை ஒருவர் தேடினார் என்பது ஒரு வரியில் இருக்கிறது.

உபுண்டுவின் முந்தைய பதிப்புகளில் இந்தப் பதிவேடுகள் வாரம் ஒன்றாக 52 கோப்புகள், அதாவது ஓராண்டுக்கு, வைத்திருக்கப்பட்டன. பிந்தைய பதிப்புகளில் நாள் ஒன்றாக 14 கோப்புகள். உங்கள் சேர்வரில் எது என்பதை லொக்ரொட்டேட் என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் பார்க்கலாம்.

பதிவேட்டின் வடிவத்தை ‘லொக்ஃபோமட்’ என்ற வரி தீர்மானிக்கிறது. அதில் சதவீதக் குறியுடன் சிறிய எச் எழுத்து இருப்பது ஐபி முகவரி. அதை நீக்கி ஒரு கோடு இடலாம். சிறிய ஆர் எழுத்து முழுக் கோரிக்கையையும் தேடிய சொல்லோடு எழுதும். அதற்குப் பதிலாகப் பெரிய யூ எழுத்தை இட்டால் பக்கத்தின் பாதை மட்டுமே பதிவாகும். ‘ரெஃபரர்’ என்ற பகுதியையும் நீக்குங்கள். தேடல் முடிவொன்றைச் சொடுக்கும்போது, தேடிய பெயர் அந்த வழியாகவும் உள்ளே வரும். பிழைப் பதிவேட்டில் வரும் ஐபி முகவரிக்கு ‘எரர்லொக்ஃபோமட்’ என்று தனி வரி இருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. தாக்குதல் நடக்கும்போது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய ஐபி முகவரி தேவை. அதனால் சிலர் முகவரியை எழுதவிட்டு, ஓரிரு நாட்களில் அழியும்படி வைக்கிறார்கள். எதைத் தெரிவுசெய்தாலும் அது தெரிந்தே செய்த தெரிவாக இருக்கவேண்டும். வேர்ட்பிரஸ் பின்னூட்டங்களுடன் ஐபி முகவரியையும் தரவுத்தளத்தில் தனியாகச் சேமிக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில், நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் அதனுடன் சேர்ந்துகொண்ட நாட்டில், சேமிக்காத தகவலை எவரும் கேட்டுப் பெற முடியாது.

இயக்கவேண்டியவை

எஸ்எஸ்எல்: வாசகருக்கும் சேர்வருக்கும் இடையே மறைகுறியாக்கம் செய்வது இது. இது இல்லாவிட்டால், வாசகரின் இணையச் சேவை வழங்குநர் முதல் கடையின் வைஃபை நடத்துபவர் வரை, அவர் படிக்கும் பக்கத்தை வரிக்கு வரி பார்க்கலாம். இருந்தால், எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது தெரியக்கூடும். எந்தப் பக்கம், எந்தப் பெயர் என்பது தெரியாது. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பர் முதல் இதற்கான சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாக வழங்குகிறது. சான்றிதழ் குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும் என்பதால், தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று உறுதிசெய்யவேண்டும். அதற்கு சேர்ட்பொட் என்ற நிரல் இருக்கிறது; அப்பாச்சியின் எம்டி என்ற மொடியூலும் அதே வேலையைச் செய்யும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: அரசாங்கம் ஒரு தளத்தை இணையச் சேவை வழங்குநர்கள் ஊடாகத் தடுத்தால், சேர்வரிலுள்ள எந்த மொடியூலாலும் அதைத் திறக்க முடியாது. 2007 ஜூனில் தமிழ்நெட் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது அந்த வழியில்தான்.

ஹெடர்ஸ்: உலாவிக்குச் சில அறிவுறுத்தல்களை அனுப்ப இது வேண்டும். ‘ரெஃபரர்-பொலிசி’ என்ற தலைப்பில் ‘நோ-ரெஃபரர்’ என்று அனுப்பினால், உங்கள் தளத்திலிருந்து வெளித் தளமொன்றுக்குப் போகும் வாசகர் எங்கிருந்து வந்தார் என்பதை அவருடைய உலாவி சொல்லாது.

டிஃப்ளேட், புரொட்லி: பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் மொடியூல்கள். தமிழுக்கு இவை ஆங்கிலத்தைவிட அதிகம் தேவை. யுனிகோட் முறையில், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘காத்தான்குடி’ என்பதில் எழுத்துகளும் துணைக் குறிகளும் புள்ளிகளுமாக 12 குறியீடுகள்; ஆக 36 பைட். ஒரே வகைப் பைட்டுகள் திரும்பத் திரும்ப வருவதால், சுருக்கும்போது தமிழ்ப் பக்கம் நன்றாகவே சுருங்கும். டேட்டா காட் போட்டுப் படிப்பவருக்கு அது பணம். டிஃப்ளேட் உபுண்டுவில் ஏற்கெனவே இயங்கும். புரொட்லியை நீங்கள்தான் இயக்கவேண்டும்.

ரீரைட்: முகவரிகளை மாற்றி எழுதுவது. வேர்ட்பிரஸின் அழகான முகவரிகளுக்கு இது அவசியம். இயக்கிய பிறகும் முகப்பைத் தவிர மற்றப் பக்கங்கள் ‘404’ என்று வந்தால், ‘அலவ்ஓவர்ரைட்’ என்ற வரியைப் பாருங்கள். உபுண்டுவில் அது ‘நன்’ என்று இருப்பதால் தளத்தின் சொந்த விதிகள் படிக்கப்படுவதில்லை. தமிழில் தலைப்பிடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. முகவரியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்துகளாக விரியும். ‘காத்தான்குடி’ மட்டுமே 108 எழுத்துகள். வேர்ட்பிரஸ் முகவரியின் அந்தப் பகுதியை 200 எழுத்துகளுடன் வெட்டிவிடும். அதாவது 22 குறியீடுகளுக்குப் பின்னால் உங்கள் தலைப்பு இல்லை. கட்டுரையின் முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் கொடுத்து, பழைய இணைப்புகளை ரீரைட் மூலம் புதியவற்றுக்குத் திருப்பிவிடலாம்.

எச்டிடிபி2: பல கோப்புகளை ஒரே இணைப்பில் அனுப்புவது. ஆனால் பிஎச்பி நிரலை அப்பாச்சிக்குள்ளேயே ஓட்டும் பழைய முறையில், ‘பிரீஃபோர்க்’ என்ற இயங்குமுறையுடன், இது வேலை செய்யாது. ‘இவென்ட்’ இயங்குமுறைக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் முறைக்கும் மாறவேண்டும். மாறும்போதும், பிஎச்பி பதிப்பை உயர்த்தும்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது. பழைய மொடியூல் நின்று புதியது இயங்காவிட்டால், சேர்வர் பிஎச்பி கோப்புகளை ஓட்டாமல் எழுத்தாகவே காட்டிவிடும். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பும் அதில் ஒன்று. அந்த வேலையை வாசகர் குறைந்த நேரத்தில், தளத்தை மூடி வைத்துச் செய்யுங்கள்.

காவல்காரர் யாரைத் தடுக்கிறார்?

தாக்குதல்களைத் தடுக்கும் மொடியூல்களும் உண்டு. அவற்றை இயல்பான அமைப்பிலேயே விட்டால், அவை எம் வாசகர்களையே வெளியே நிறுத்தலாம்.

மொட்-செக்கியூரிட்டி என்பது வரும் கோரிக்கைகளை விதிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் தீச்சுவர். ஒவாஸ்ப் அமைப்பின் ‘கோர் ரூல் செட்’ என்ற விதித்தொகுப்புடன்தான் பெரும்பாலும் பயன்படுத்தப்படுகிறது. அந்தத் தொகுப்பில் எச்சரிக்கை மட்டங்கள் நான்கு. மூன்றாம் மட்டத்தில் வரும் விதி ஒன்று, அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட எதையும் சந்தேகத்துக்குரியதாக எடுத்துக்கொள்ளும். தமிழில் எழுதப்பட்ட ஒவ்வொரு பின்னூட்டமும், ஒவ்வொரு தேடலும் அந்த மட்டத்தில் தாக்குதலே. அதிக மட்டம் அதிகப் பாதுகாப்பு என்று நினைத்து உயர்த்தியவர், தமிழையே தடைசெய்திருப்பார். முதலாம் மட்டத்தில் வைத்து, ‘டிடெக்ஷன்ஒன்லி’ என்ற கண்காணிப்பு நிலையில் சில வாரங்கள் ஓடவிட்டு, எவை பிழையாகப் பிடிபடுகின்றன என்று பார்த்த பிறகே தடுக்கும் நிலைக்கு மாற்றவேண்டும். கண்காணிப்புக் காலத்தில் இந்த மொடியூல் எழுதும் தணிக்கைப் பதிவேட்டில், வாசகர் அனுப்பிய முழுச் செய்தியும் இருக்கலாம். அதையும் அழிக்கும் காலத்தைத் தீர்மானியுங்கள்.

மொட்-எவேசிவ், ஒரே ஐபி முகவரியிலிருந்து குறுகிய நேரத்தில் பல கோரிக்கைகள் வந்தால் அந்த முகவரியைத் தடுக்கும். கைபேசி வலையமைப்புகளில் பல சந்தாதாரர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்வது வழமை. ஓகஸ்ட் 3ஆம் திகதி, ஒரே ஊரிலிருந்து, ஒரே வலையமைப்பில், பல நூறு பேர் ஒரே பக்கத்தைத் திறந்தால், அந்த மொடியூலுக்கு அது தாக்குதல் போலத்தான் தெரியும். எல்லையைத் தாராளமாக வையுங்கள்.

ஐபி முகவரியை வைத்து நாட்டைக் கண்டறிந்து தடுக்கும் மொடியூல்களும் இருக்கின்றன. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வளைகுடாவிலும் வாழும் வாசகர்களைக் கொண்ட தளத்துக்கு, அவை பொருந்தாத கருவி.

பெரிய தாக்குதலை, பல ஆயிரம் கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் வரும் கோரிக்கைகளை, ஒரு சிறு சேர்வர் எந்த மொடியூலைக் கொண்டும் தாங்காது. சுயாதீன ஊடகங்களுக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் இலவசப் பாதுகாப்பு வழங்கும் திட்டங்கள் இருக்கின்றன: கிளவுட்ஃபிளேயரின் புரொஜெக்ட் கலிலியோ, கூகிளின் புரொஜெக்ட் ஷீல்ட், கனடாவின் ஈக்வாலிட்டி அமைப்பு நடத்தும் டிஃப்ளெக்ட். அவற்றில் சேரும்போது, வாசகரின் எல்லாக் கோரிக்கைகளும் அந்த நிறுவனத்தின் ஊடாகவே போகும் என்பதைத் தெரிந்து சேரவேண்டும்.

நீங்களே தொகுப்பதென்றால்

தேவையான மொடியூல் உபுண்டுவின் பொதிகளில் இருந்தால், அதையே எடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குத் தானாக வரும். நீங்களே தொகுத்த மொடியூலுக்கு எந்தத் திருத்தமும் தானாக வராது. அதன் காவலர் நீங்கள் ஒருவர்தான். அந்தப் பொறுப்பை இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

முடியும் என்றால், அப்பாச்சிக்கு ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவி இருக்கிறது. உபுண்டுவில் ‘அப்பாச்சி2-டெவ்’ என்ற பொதியுடன் வரும். மூலநிரல் கோப்புடன் சிறிய சி எழுத்தைக் கொடுத்தால் தொகுக்கும். ஐ எழுத்து, கிடைத்த கோப்பை உரிய இடத்தில் வைக்கும். ஏ எழுத்து அதை இயக்கும் வரியைச் சேர்க்கும். 2.2 பதிப்புக்குத் தொகுத்த மொடியூல் 2.4இல் ஏறாது, மூலநிரலிலிருந்து மறுபடி தொகுக்கவேண்டும்.

என்ஜின்எக்ஸ் இன்னும் கண்டிப்பானது. அதன் கட்டளையுடன் பெரிய வி எழுத்தைக் கொடுத்து, இயங்கும் பதிப்பையும் அது எந்தத் தெரிவுகளுடன் தொகுக்கப்பட்டது என்பதையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதே பதிப்பின் மூலநிரலைத் தரவிறக்கி, ‘கொன்ஃபிகர்’ கட்டளையில் ‘வித்-கொம்பட்’, ‘அட்-டைனமிக்-மொடியூல்’ என்ற இரண்டு தெரிவுகளைக் கொடுத்து, ‘மேக் மொடியூல்ஸ்’ என்று தொகுக்கவேண்டும். கிடைக்கும் கோப்பை மொடியூல் கோப்புறையில் வைத்து, அமைப்புக் கோப்பின் உச்சியில் ‘லோட்-மொடியூல்’ வரியைச் சேர்த்து, சிறிய ரி எழுத்துடன் சோதித்த பிறகு மீள இயக்குங்கள். என்ஜின்எக்ஸின் பதிப்பு உயரும் ஒவ்வொரு தடவையும் இந்த வேலையைத் திரும்பச் செய்யவேண்டும். செய்யாவிட்டால், பொருந்தாத மொடியூல் என்று சொல்லி, சேர்வர் எழும்ப மறுக்கும்.

தொகுக்கும் வேலையை வாசகர் வந்துபோகும் சேர்வரில் செய்யவேண்டாம். அதே பதிப்பு நிறுவிய வேறொரு கணினியில் தொகுத்து, முடிந்த கோப்பை மட்டும் கொண்டுவாருங்கள். மூலநிரலை மூலத் தளத்திலிருந்தே எடுத்து, அவர்கள் வெளியிட்டிருக்கும் கையொப்பத்தையும் சரிபாருங்கள். அதுவும் முழு உத்தரவாதம் அல்ல. 2024 மார்ச் மாத இறுதியில், எக்ஸ்செட் என்ற சுருக்கக் கருவியின் அதிகாரபூர்வ வெளியீட்டுப் பொதியிலேயே பின்கதவு ஒன்று ஒளிந்திருப்பதை அன்ட்ரெஸ் ஃபிரோய்ண்ட் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார். அது தொகுக்கும் வேளையில் உள்ளே நுழையும்படி அமைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் நம்பிய திட்டத்துக்கே அப்படி என்றால், யாரோ ஒருவர் எழுதி ஐந்து ஆண்டுகளாகத் தொடாத மொடியூலைச் சேர்க்கும் முன் இன்னும் ஒருமுறை யோசிக்கலாம்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள்

பல தளங்கள் ஒரே சேர்வரைப் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு மொடியூலை இயக்கும் அதிகாரம் இல்லை. தளத்தின் கோப்புறையில் உள்ள ‘எச்ரிஅக்சஸ்’ கோப்பில் விதிகள் மட்டுமே எழுதலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் அவ்விதிகளை ‘இஃப்மொடியூல்’ என்ற நிபந்தனைக்குள் வைத்திருக்கும். அந்த மொடியூல் இல்லாவிட்டால் விதி பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் கைவிடப்படும். பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்; அது ஒருநாளும் இயங்கியிருக்காது. ஆகவே, எழுதிய பிறகு உலாவியின் நிரலாளர் கருவியில் திறந்து, நீங்கள் கேட்ட தலைப்பு உண்மையாகவே வருகிறதா என்று பாருங்கள். பதிவேடுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், யார் பார்க்கலாம் என்று ஹோஸ்டிங் வழங்குநரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் தராதவரிடம் வாக்குமூலங்களை வைத்திருக்கவேண்டுமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

2014 ஏப்ரலில் வெளிவந்த ‘ஹார்ட்பிளீட்’ குறைபாடு, மறைகுறியாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சிறு துணை வசதி ஒன்றில் இருந்தது. பெரும்பாலான தளங்களுக்கு அந்த வசதி தேவைப்படவேயில்லை. ஆனாலும் 2012 முதல் அது இயல்பாகவே இயக்கப்பட்டிருந்தது. சேர்வரின் நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்கள் உட்பட எதையும் அதன் வழியாக வெளியே எடுக்க முடிந்தது.

சிறு தளம் நடத்துபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொடியூல் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இது எமக்கு ஏன் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். எழுத முடியாதது எதுவோ, அதை முதலில் சோதனைச் சேர்வரில் நிறுத்திப் பாருங்கள். தளம் ஓடினால், உண்மைச் சேர்வரிலும் நிறுத்திவிடலாம். அந்தப் பட்டியலையும் விளக்கத்தையும் ஒருவர் மட்டும் வைத்திருக்காமல், குழுவில் இன்னொருவருக்கும் கொடுத்து வையுங்கள். சேர்வரை அறிந்த ஒரேயொருவர் வெளிநாடு போனதும் நின்றுபோகும் நிலையில் இருக்கும் தளங்களில், கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன.